வட்டக் களரியிலிருந்து பல்கலைக்கழக மேடைக்கு



"என்னடா, கூத்தடித்துக்கொண்டு திரிகிறாய்?" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். கூத்தாடி என்றால் உருப்படாதவன் என்ற பொருளில் பேசுகிறோம். ஆனால் அந்தச் சொல் எப்போதும் வசைச் சொல்லாக இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். ஆடும் அரங்குக்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு கூடக் குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவு மதிப்போடு இருந்த கலை பிற்காலத்தில் கேலிக்குரியதாயிற்று. பிறகு நம் காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு பல்கலைக்கழகத்தின் மேடையில் ஏறித் தலை நிமிர்ந்து நின்றது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

இது இலங்கையில் நடந்தது. கண்டி நகருக்குப் பக்கத்தில் பேராதனை என்ற ஊர் இருக்கிறது. 1942இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் கொழும்பிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது. அந்த வட்டாரத்து மலைகளில் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். நம் பாட்டன் பாட்டிமாரைப் போலவே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிக் கூட்டிச் சென்ற மக்கள்தாம் அவர்கள். இங்கே வந்தவர்கள் பால்மரக் காட்டுக்கு வந்தார்கள்; அங்கே போனவர்கள் தேயிலை மலைக்குப் போனார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றை அந்த மலையகத் தோட்டங்கள் இன்றும் மறக்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நாடகம் முன்பே இருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற தமிழிலேயே நாடகங்கள் எழுதினார். மாணவர்கள் அவற்றை நடித்தார்கள். ஆனால் அவை பேச்சு நாடகங்கள். ஆட்டமும் பாட்டும் கலந்த கூத்து, படித்தவர்களின் மேடைக்கு உரியது என்று அப்போது யாரும் எண்ணவில்லை. அது கிராமத்துப் பாமரர்களின் பொழுதுபோக்கு என்பதே பலருடைய நினைப்பு.

அந்த நினைப்பை முதலில் அசைத்தது ஒரு சிங்கள நாடகம். பேராதனையில் ஆசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர, 1956 நவம்பரில் 'மனமே' என்ற நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினார். புத்த சாதகக் கதை ஒன்றை எடுத்து, 'நாடகம' என்னும் கிராமிய முறையில் ஆட்டமும் பாட்டுமாக அமைத்திருந்தார். அந்த முறையைக் கற்றுக்கொடுக்க ஒரு கிராமியக் கலைஞரையே பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆசிரியராக்கினார். 'நாடகம' என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். ஆம், அது நம் 'நாடகம்' என்ற சொல்லேதான். தமிழ்க் கத்தோலிக்கர்களின் கூத்து சிங்கள மக்களிடம் போய் வேரூன்றியதுதான் அந்தக் கலை என்று சரச்சந்திரவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அந்நாட்டில் நிறைவேறியதும் அதே 1956ஆம் ஆண்டில்தான். அரசியல் இரு மொழிகளையும் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், கலை ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கி வளர்ந்துகொண்டிருந்தது.

சிங்களக் கலைஞர்கள் நம்மிடமிருந்து போன வித்தை ஒன்றைக் கொண்டு பெருமை தேடிக்கொண்டார்கள். அப்படியானால் மூலமாகிய கூத்து நம்மிடம் என்ன நிலையில் இருக்கிறது? இந்தக் கேள்விக்குச் செயலால் விடை சொன்னவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1924இல் பிறந்தவர், இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். இவ்வளவு படித்தவர், கூத்தைத் தேடி மட்டக்களப்புக் கிராமங்களுக்குப் போனார். கூத்து ஏடுகளைத் தேடித் தொகுத்தார். 'அலங்காரரூபன்' என்ற கூத்து நூலை 1962இல் பதிப்பித்தார். நாட்டுக்கூத்துப் போட்டிகள் நடத்தினார். கூத்துக் கலைஞர்களை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்.

மட்டக்களப்புக் கூத்து எப்படிப்பட்டது என்று இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். அதில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு. வடமோடி பெரும்பாலும் பாரதம், இராமாயணம் போன்ற போர்க் கதைகளைச் சொல்வது. ஆட்டம் வேகமாக இருக்கும். தென்மோடியில் பாட்டுக்கும் நுட்பத்துக்கும் இடம் அதிகம். கூத்தைப் பழக்குகிறவருக்கு அண்ணாவியார் என்று பெயர். அவர் பெரும்பாலும் வயலிலோ கடலிலோ உழைத்துப் பிழைக்கிற ஒருவராகவே இருப்பார். ஆனால் கூத்தென்று வந்துவிட்டால் ஊரே அவர் சொல்லைக் கேட்கும்.

முதலில் சட்டம் கொடுத்தல். அதாவது இன்னாருக்கு இன்ன வேடம் என்று பிரித்துக் கொடுப்பது. பிறகு மாதக்கணக்கில் இரவு நேரப் பழக்கம். ஆட்டம் படிந்த பிறகு சதங்கை அணிதல். பின்னர் அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை. அதன் பின்னரே அரங்கேற்றம். மண்ணால் உயர்த்திய வட்டக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் தாளம் போடுகிறவரும் பின்பாட்டுக்காரரும் இருப்பார்கள். நாலு பக்கமும் சனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாலை கழிந்து தொடங்கினால் பொழுது விடியும் வரை நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள்.

இந்தக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டுவர வித்தியானந்தன் என்ன செய்தார்? புத்தகத்தைப் பார்த்து மாணவர்களுக்குத் தாமே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. மட்டக்களப்பின் வந்தாறுமூலை என்ற ஊரிலிருந்து செல்லையா அண்ணாவியாரை வரவழைத்தார். பட்டம் பெறுவதற்காகப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள், ஒரு கிராமத்து அண்ணாவியாரின் தாளத்துக்குக் கால் எடுத்து வைத்து ஆட்டம் பழகினார்கள். நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் நினைவில் நிறுத்த வேண்டிய இடம் இதுதான். பல்கலைக்கழகம் கூத்துக்குக் கற்றுக்கொடுக்கவில்லை; கூத்திடம் கற்றுக்கொண்டது.

அப்படி உருவான முதல் ஆக்கம் 'கர்ணன் போர்'. 1962இல் மேடையேறிய வடமோடிக் கூத்து அது. அரச குலத்தில் பிறந்தும் தேரோட்டியின் வீட்டில் வளர்ந்த கர்ணன், பிறப்பைச் சொல்லி இழிவு செய்யப்பட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். பாமரக் கலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று படித்தவர்களின் சபையில் நின்றபோது அது கர்ணன் கதையாக அமைந்தது பொருத்தமாகவே படுகிறது.

புதிய மேடைக்காக மாற்றங்கள் சில செய்யப்பட்டன. விடிய விடிய நடக்கும் கூத்து, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைக்கப்பட்டன. நாலு பக்கமும் பார்க்கும் வட்டக் களரி போய், ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடை வந்தது. களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பின்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்கு வந்தார்கள். பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றார்கள். ஆட்டமும் தாளமும் பாட்டு முறையும் மட்டும் கிராமத்தில் உள்ளபடியே காக்கப்பட்டன.

1963இல் 'நொண்டி நாடகம்' வந்தது. 1964இல் 'இராவணேசன்' வந்தது. முன்னவை பழைய கூத்துகளின் சுருக்கம். இராவணேசனோ அந்த மேடைக்கென்றே புதிதாக எழுதப்பட்டது. எழுதியவர் ஒரு மாணவர். மட்டக்களப்பில் பிறந்து கூத்தின் ஓசை கேட்டு வளர்ந்த சி. மௌனகுரு என்ற அந்த இளைஞரே இராவணன் வேடத்தையும் கட்டினார். தம்பியையும் மகனையும் போரில் பறிகொடுத்து, அழிவு நிச்சயம் என்று தெரிந்தும் களத்துக்குப் போகும் இராவணனை, வெறும் அரக்கனாக அல்லாமல் ஒரு பெருவீரனாக அந்தக் கூத்து காட்டியது. பழைய ஆட்டத்துக்குள் புதிய சிந்தனையை வைக்க முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. அந்த மௌனகுருவே 1969இல் 'சங்காரம்' என்ற நாடகத்தில், உழைப்பவர் ஒன்றுபட்டுத் தங்களை ஒடுக்குபவரை எதிர்க்கும் கதையை வடமோடி ஆட்டத்தில் சொன்னார்.

எல்லாரும் இதைப் புகழ்ந்துவிடவில்லை. ஒரு நியாயமான மறுப்பும் எழுந்தது. விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரமாக வெட்டினால் ஊரே கூடி இருந்து பார்க்கும் அந்த உறவு போய்விடாதா? அண்ணாவியார் நடுக்களரியை விட்டு ஓரத்துக்குப் போனால் அவருடைய இடம் என்ன ஆகும்? பெயரும் பட்டமும் பல்கலைக்கழகத்தாருக்கு, பழைய வறுமை மட்டும் கிராமத்துக் கலைஞனுக்கு என்று ஆகிவிடாதா? இப்படிக் கேட்டவர்கள் உண்டு. இக்கேள்விகளின் தொடர்ச்சியாகவே, பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் வேறொரு வழியை எடுத்தார்கள். கூத்தை நகரத்துக்குக் கொண்டு போகாமல், கிராமத்துக்கே போய், களரியில் இருந்தபடியே ஊர் மக்களோடு பேசித் திருத்தி ஆடச் செய்தார்கள்.

இரண்டு வழியும் வேண்டும் என்பதே என் எண்ணம். மேடைக்கு வந்ததால் கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது. படித்த இளைஞர்களின் வெட்கம் போயிற்று. ஊரிலும் ஆடப்பட்டால்தான் அதற்கு உயிர் இருக்கும். மேடையில் மட்டும் வாழ்ந்தால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளாகிவிடும்.

இந்த வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. 1981இல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அது அமைந்த ஊர் எது தெரியுமா? வந்தாறுமூலை. செல்லையா அண்ணாவியாரின் அதே ஊர். ஒரு காலத்தில் அந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகத்தைத் தேடிக் கூத்து போயிற்று. பிறகு பல்கலைக்கழகமே அந்த ஊருக்கு வந்தது. மௌனகுரு அங்கே நுண்கலைத் துறையின் பேராசிரியரானார். இராவணேசனும் புதிய மாணவர்களோடு மீண்டும் மேடை ஏறினான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. பினாங்கில் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிகழ்கலையைப் பாடமாக வைத்தபோது, கிளந்தான் நிழற்கூத்துக் கலைஞர் ஹம்சா அவாங் அமாட் அங்கே மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தோல்பாவையைத் திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டிக் கதை சொல்லும் கிராமத்துக் கலைஞர் அவர். 1993இல் நாட்டின் உயர்ந்த கலை விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவரையே சேர்ந்தது. கைவித்தை உடையவரை ஆசிரியராக மதிக்கும் வழக்கம் மலாய்க் கலைக்கும் நன்மை செய்திருக்கிறது.

இனி, மலாக்காவில் இருக்கிற நம்மிடம் வருவோம். புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட காலம் தொட்டு இந்த மாநிலத்து மண்ணில் பால்மரம் வேரூன்றியது. அதன் பின்னே தோட்டங்கள் பெருகின. நம்மவர் லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் பால்மரம் சீவி உழைத்தவர்கள், மாரியம்மன் திருவிழா என்றால் அரிச்சந்திரனையும் நல்லதங்காளையும் வள்ளி திருமணத்தையும் ஆடியும் பாடியும் விடிய வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடமாய் இருந்தது.

இன்று ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போய் வீட்டு மனைகள் எழுந்த இடங்களும் உண்டு. லயங்களை விட்டு ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகருக்கும் வந்துவிட்ட குடும்பங்கள் பல. வீட்டைப் பிரித்தால் பலகையையும் தகரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வரலாம். ஒரு முதியவரின் நெஞ்சிலிருக்கும் பாட்டை எந்த லாரியில் ஏற்றுவது? அவர் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

ஆகவே, உங்கள் வீட்டில் இன்னும் பாடக்கூடிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர் அருகில் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யட்டும். எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில், யார் என்ன வேடம் கட்டினார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதோடு, பாட்டனின் கூத்திலிருந்து ஒரு காட்சியும் மேடை ஏறட்டும். அந்தக் காட்சியைப் பழக்க அந்த முதியவரையே அழையுங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஐயா, சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

நாளை உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் நாடகமோ நடனமோ படிக்கப் போகலாம். அப்போது "உன்னிடம் என்ன கலை இருக்கிறது?" என்று கேட்டால், அவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. வந்தாறுமூலையின் அண்ணாவியாரிடம் இருந்ததைப் போன்ற செல்வம் நம் லயத்து வாசல்களிலும் இருந்தது. அதில் மீதம் இருப்பதை அள்ளிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் நிறைய இல்லை.