தேறலும் ரம்மும்

ரமணாசிரமத்து வாசலைக் கடந்து மேற்கே நீளும் சாலை செங்கத்திற்குச் செல்கிறது. மலைபடுகடாமின் தலைவனான நன்னனின் செங்கண்மா அதுவே. மலைச்சிற்றூரில் தங்கும் கூத்தர்கள் மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேன்தேறலைக் குறைவின்றிப் பருகுவர் என்று அந்நூலில் பெருங்கௌசிகனார் பாடுகிறார். மதுவை நாட்பட வைத்தால் அதன் இயல்பு மாறும் என்பது நம் முன்னோர் அறிந்ததுதான். இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்கு இன்னொரு முதிர்ந்த மது நினைவுக்கு வரும். அது கயானா நாட்டின் டெமராரா ரம்.

ரம் கரும்பாலையின் கழிவில் பிறந்தது. சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வாலையிலிட்டு வடிக்கும் வழக்கம், 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் முதலான கரீபியத் தீவுகளில் வேரூன்றியது. கரும்பு வெட்டியவரும் பாகு காய்ச்சியவரும் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

டெமராரா ரம்மின் தனித்தன்மைக்கு முதற்காரணம் அதன் மர வாலைகள். உலகெங்கும் செம்பும் எஃகும் வந்துவிட்ட பின்னரும், கிரீன்ஹார்ட் என்னும் உள்ளூர் வன்மரத்தால் ஆன வாலைகள் அங்கே வழக்கொழியவில்லை. போர்ட் மூராண்ட், என்மோர், வெர்சாய் எனத் தாம் முன்பிருந்த தோட்டங்களின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. அத்தோட்டங்களின் வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், வாலைகள் டயமண்ட் என்னுமிடத்திலுள்ள ஒரே ஆலையில் வந்து சேர்ந்தன. வடித்த ரம் ஓக் மரப் பீப்பாய்களில் உறங்குகிறது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகும் மது, அந்த வெப்பத்தில் அதைப்போல் பன்மடங்கு மறைகிறது. எஞ்சுவது விரைந்து கனிகிறது. எல் டொராடோ 15 என்னும் புகழ்பெற்ற புட்டியில், கலவையின் மிக இளைய ரம்மிற்கும் 15 வயது. வெல்லப்பாகு, உலர்பழம், அதிமதுரம் ஆகியவற்றின் சாயல் அதில் உண்டென்பர் சுவைத்தோர். 1970 ஜூலை 31 வரை பிரித்தானியக் கடற்படையினர் நாள்தோறும் பெற்ற ரம் பங்கிலும் டெமராரா கலந்திருந்தது.

இந்தக் கதையில் நம்மவர் எங்கே வருகின்றனர்? 1838 ஆகஸ்டில் அடிமைமுறை முற்றாக முடிந்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு மே மாதத்தில், கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் கப்பல்கள் ஒப்பந்தக் கூலிகளோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1917 வரை சென்ற ஏறத்தாழ 2,39,000 பேரில் சுமார் 15,000 பேர் தமிழும் தெலுங்கும் பேசிய தென்னாட்டவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு அகன்றால் சிறை.

அவர்கள் மாரியம்மனைக் கொண்டுசென்றனர். பெர்பீஸ் பகுதியின் காளிமாய் கோயில்களில் இன்றும் தப்பு முழங்குகிறது. பொருள் மறந்துபோன தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. மதுரை வீரனும் சங்கணியும் அங்கே உண்டு. நம் ஊர்க் காவல் தெய்வங்களுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதுபோல, அங்கே அவர்களுக்கு ரம் படைக்கின்றனர். தாம் வெட்டிய கரும்பின் கழிவையே தம் தெய்வத்திற்குப் படைக்க நேர்ந்த மக்கள் அவர்கள். அதே ரம் பல குடும்பங்களின் கூலியையும் நிம்மதியையும் விழுங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1948 ஜூன் 16 அன்று, வேலைநிறுத்தம் செய்த என்மோர் தோட்டத் தொழிலாளர்கள்மீது காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். கயானாவின் விடுதலை வரலாற்றில் அந்த நாளுக்குத் தனியிடம் உண்டு. ரம் சுவைஞர்க்கு என்மோர் என்பது ஒரு மர வாலையின் பெயர். தொழிலாளர்க்கு அது ஒரு நினைவுத்தூணின் பெயர்.

நன்னன் நாட்டுத் தேறலை விருந்தினர்க்கு வார்த்தவர்கள் அந்த மலைக்கு உரியவர்கள். டெமராராத் தேறலுக்காக உழைத்தவர்களுக்கோ மண்ணும் சொந்தமில்லை, மதுவும் சொந்தமில்லை. மலைபடுகடாமை அடுத்தமுறை நடத்தும்போது இந்த வேறுபாட்டையும் மாணவர்க்குச் சொல்ல எண்ணியுள்ளோம்.