விறகும் உரிமையும்: கொழும்புச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கறுவாவைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். கோப்பி, தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியன பற்றியும் நூல்கள் பல உள. ஆயின், இப்பொருள்களை விளைவித்த மக்கள் தமது அன்றாடச் சோற்றை எதனைக் கொண்டு சமைத்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. விறகு ஏற்றுமதிப் பொருளன்று. ஆகவே அதற்குச் சுங்கக் கணக்கு இல்லை. அதனைப் பொறுக்கிச் சேர்த்தோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாவர். அவர்தம் உழைப்புக்குக் கூலிப்பதிவும் இல்லை. கணக்கிலே வாராத பொருள் வரலாற்றிலும் வாராமற் போனது வியப்பன்று.

இந்த மறதியின் விலையை 2022ஆம் ஆண்டிலே கொழும்பு நகரம் உணர நேர்ந்தது. அந்நியச் செலாவணி அற்றுப்போன நாட்டுக்கு எரிவாயுக் கப்பல்கள் வரவில்லை. வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் கிருலப்பனையிலும் வெற்றுச் சிலிண்டர்கள் தெருவோரங்களில் நிரையாகக் கிடந்தன. கொழும்பின் தெற்கு எல்லையில், கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட நெருக்கமான குடியிருப்புப் பகுதியிலே அமைந்தது பாமன்கடை. அங்குள்ள தொடர்மாடிகளில் அடுப்புத்திட்டும் இல்லை, புகைபோக்கியும் இல்லை; விறகு அடுக்க ஒரு கோடியும் இல்லை. அடுப்பெரிக்கச் சுள்ளி தேடிய நகரவாசி, தான் நடந்து சென்ற தெருவில் எந்த மரத்தின் எந்தக் கொம்பு தனக்கு உரியது என்பதை அறியாது நின்றான். அவ்வறியாமைக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு கால வரலாறு உண்டு.

விறகு வெட்டுதல் வேறு. விறகு பொறுக்குதல் வேறு. வெட்டுபவன் கையிலே கோடாலி இருக்கும். பொறுக்குபவள் கையிலே ஒரு கயிறு மட்டுமே இருக்கும். முன்னையது நிற்கும் மரத்தின் மீது செய்யப்படும் வினை. பின்னையது மரம் தானே கைவிட்டதை எடுத்துக்கொள்ளல். இவ்வேறுபாட்டைத் தமிழர் வாழ்க்கை மிக நுட்பமாக அறிந்திருந்தது. யாழ்ப்பாணத்து வளவொன்றிலே விழுந்து கிடப்பனவற்றின் பெயர்களே இதற்குச் சான்றாகும். காவோலை, கங்குமட்டை, பன்னாடை, ஊமல், கொக்காரை, பாளை, பொச்சுமட்டை, சிரட்டை என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிப்பயனும் உண்டு. பன்னாடையும் காய்ந்த ஓலையும் தீ மூட்டுதற்கு உரியன. பொச்சுமட்டை மெல்லக் கனன்று நெடுநேரம் நிற்கும். சிரட்டைக்கரி துணி அழுத்தும் பெட்டிக்கு உதவும். ஊமற்கரி பொற்கொல்லரின் உலைக்குச் செல்லும். மாரி தொடங்குமுன் இவற்றையெல்லாம் நனையாத இடம் பார்த்து அடுக்குதல் குசினியின் ஆண்டுக் கடமை.

எனினும் இவ்வழக்கை இலட்சியப்படுத்தி நோக்குதல் தகாது. வளவு உடையவருக்கே மட்டையும் ஓலையும் தடையின்றிக் கிட்டின. காணியற்ற குடும்பத்துப் பெண் வளவுக்காரரின் வாய்ச்சொல்லுக்குக் காத்து நின்றே விழுந்த மட்டையைத் தொட்டாள். அச்சொல் கிடைப்பதும் கிடையாததும் சாதியைச் சார்ந்ததாயும், முன்னர் செய்த ஊழியத்தைச் சார்ந்ததாயும் இருந்தது. திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலத்திலே இறைவன் விறகாளாகி மதுரைத் தெருக்களில் விறகு சுமந்து வருகின்றான். அவ்விறகு எந்தக் காட்டில், எவர் அனுமதியுடன் எடுக்கப்பட்டது என்று அந்நகரில் ஒருவரும் கேட்டிலர். பிற்காலத்து வன அதிகாரி ஒருவர் எதிர்ப்பட்டிருந்தால் முதலிற் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுவே.

கொழும்பைப் பொறுத்தவரையில், மரத்தைத் தொடுதல் குற்றமாகும் என்னும் எண்ணம் கறுவாவோடு வேரூன்றிற்று. ஒல்லாந்தர் காலத்தில் கறுவா முழுவதும் கம்பனியின் உடைமையாகக் கருதப்பட்டது. ஒருவனது வீட்டு வளவிலே தானாக முளைத்த கறுவா மரமும் அவனுடையதன்று. அதனை வெட்டுவோர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். தேசாதிபதி ஃபல்க் காலத்தில், 1769ஆம் ஆண்டளவில், மருதானையிலே கறுவாவைத் தோட்டப் பயிராக வளர்க்கும் முயற்சி தொடங்கியது. இன்று கறுவாத்தோட்டம் எனப்படும் கொழும்பின் செல்வர் குடியிருப்பு அக்காலத்தை நினைவூட்டுவதாகும். பிரித்தானியர் 1833இல் கறுவாத் தனியுரிமையைக் கைவிட்டனர். பட்டை உரித்த பின் எஞ்சும் கறுவாத்தடி பிற்காலத்தில் தென்மாகாண அடுப்புகளிலே நல்ல விறகாக எரிந்தது. ஒரு காலத்திற் கீறினாலே குற்றமாகிய மரம், உரித்தபின் எவரும் எரிக்கும் தடியாயிற்று.

கறுவாவின் மீதிருந்த பிடி தளர்ந்த சில ஆண்டுகளுள் காட்டின் மீது பிடி இறுகியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளில் அத்துமீறி நுழைவதைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டது. காடு, தரிசு, குடியிராத காணி, பயிரிடாத காணி ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியனவாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். நிரூபிக்கும் பாரம் குடியானவன் தோளிலே விழுந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் தேன் எடுத்தும் விறகு பொறுக்கியும் வந்த கிராமத்தவனிடம் உறுதி ஏது? அக்காலத்திலே கண்டி மலைநாட்டுக் காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டன; கோப்பித் தோட்டங்களுக்காக அவற்றை வாங்கியோருள் ஆட்சியின் உயர் அதிகாரிகளும் பலர் இருந்தனர். சட்டத்தின் நோக்கத்தை விளங்கிக்கொள்ள வேறு உரை வேண்டியதில்லை.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததொன்றன்று. 1841ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ரைன் மாகாணச் சபை காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் களவு எனக் கொள்ளும் சட்டத்தை விவாதித்தது. அதனைக் கண்டித்து 1842இல் ரைனிஷ் சைற்றுங் என்னும் பத்திரிகையில் எழுதிய இருபத்துநான்கு வயது இளைஞரே கார்ல் மார்க்ஸ். உயிர் மரத்தை வெட்டுவதையும், மரம் உதிர்த்ததை எடுப்பதையும் ஒரே குற்றமாக்கும் சட்டம் உண்மைக்கே மாறானது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மைத் திருப்பிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இதனையும் ஒன்றாக 1859இல் அவர் குறிப்பிட்டார். இன்னொரு முரணும் உண்டு. இங்கிலாந்து 1217ஆம் ஆண்டிலேயே வனச் சாசனம் ஒன்றைப் பெற்ற நாடு. காட்டிலிருந்து விறகு கொள்ளும் வழக்குரிமை அந்நாட்டுக் குடியானவருக்குப் புதிய செய்தியன்று. அங்கே வேலியடைப்புக்களால் அவ்வுரிமை தேய்ந்து வந்த காலத்தில், இங்கே அப்படியோர் உரிமை இருந்ததாகவே கொள்ளப்படவில்லை.

கோப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்ட பின்னரே காட்டைக் காக்கும் கவலை அரசுக்கு எழுந்தது. 1885இல் வனக் கட்டளைச் சட்டமும், 1887இல் வனத் திணைக்களமும் தோன்றின. பின்னர் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலைபெற்றது. அது திருத்தங்களோடும் 2009இல் ஏற்பட்ட பெயர் மாற்றத்தோடும் இன்றும் வழக்கிலுள்ளது. ஒதுக்கிய காட்டிலே மரம் வெட்டுதல் மட்டுமன்றி வன விளைபொருளை எடுத்தலும் அதன்படி குற்றமாகும். கிராம வனம் என்றொரு பிரிவும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. ஆயின் அது அரசு ஒதுக்கித் தரும் சலுகையேயன்றி, கிராமத்தவரிடம் முன்னரே இருந்த உரிமையை ஏற்றுக்கொண்டதன்று. காடு காக்கப்படவேண்டியதே, அதில் ஐயமில்லை. இலட்சக்கணக்கான ஏக்கரைத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டு, எஞ்சிய காட்டிலே சுமைவிறகு எடுத்தவளைக் காவலாளியின் கண்ணுக்குக் குற்றவாளியாக்கியதே இங்கு வினாவுக்குரியது.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுவது மலையகத்திலே. தேயிலைத் தொழிற்சாலை என்பது அடிப்படையில் ஒரு பெரிய அடுப்பு. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். அதற்குத் தோட்டங்கள் விறகையே பெரிதும் நம்பின. யூக்கலிப்டஸ் போன்ற மரங்கள் இதற்கென நடப்பட்டன. அம்மரங்கள் தோட்டத்தின் சொத்து. அவற்றை நட்டவர், வெட்டியவர், பிளந்தவர் தொழிலாளரே. ஆயினும் லயத்து அடுப்புக்கு அவை உரியனவல்ல. லயத்துக்கு உரியது மிலாறு. மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மெல்லிய கிளைகளே மிலாறு எனப்படும். காலையில் கொழுந்துக்கூடை சுமந்த பெண் மாலையில் மிலாற்றுக் கட்டைச் சுமந்து மலையிறங்குவாள். கூடைக்கு நிறுவை உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. கட்டுக்கு இரண்டும் இல்லை. கவ்வாத்து நடவாத மாதங்களில் காட்டோரம் செல்லவேண்டும். அங்கே காவற்காரன் நிற்பான். ஒரே பெண் ஒரே நாளில் காலையிலே நாட்டின் முதன்மையான ஏற்றுமதியை உற்பத்தி செய்பவளாகவும், மாலையிலே சுள்ளிக்காக ஒளிந்து நடப்பவளாகவும் இருந்தாள். மலையகத்தின் கூலிப் போராட்டங்களைப் பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. இந்த மாலை நேரத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

கொழும்பிலே நிலை வேறு. நகரத்தான் விறகைப் பொறுக்கவில்லை; வாங்கினான். விறகுகாலைகள் நகரின் பகுதிகள்தோறும் இருந்தன. கட்டுக் கணக்கிலும் அந்தர்க் கணக்கிலும் விற்பனை நடந்தது. அவ்விறகிற் பெரும்பகுதி இறப்பர் மரம். 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த இறப்பர்க் கன்றுகள், அடுத்த நூற்றாண்டிலே களுத்துறை, கேகாலை, அவிசாவளைப் பகுதிகளை மூடிப் பரந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பால் வற்றிய மரம் வெட்டப்படும். 1953இல் மறுநடுகைக்கு அரசு மானியம் வழங்கத் தொடங்கியபின் இவ்வகை விறகு தாராளமாகக் கிடைத்தது. கொழும்பு நகரின் பாண் வெந்தது பெரும்பாலும் இறப்பர் விறகிலேயே. வெள்ளவத்தையின் பழைய வீடுகளின் பின்புறத்தே தனிக் குசினியும், அடுப்புத்திட்டும், மேலே விறகு உலர்த்தும் பரணும் அமைந்திருந்தன. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளின் மரத்தூளும் வீணாகவில்லை. தகரத்துள் அதனை இறுக்கி அடைத்து எரிக்கும் தூளடுப்பு ஏழை வீடுகளில் எரிந்தது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் தொழிலாளரும் இப்பகுதியிலே நெருங்கி வாழ்ந்தனர். 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தால் அறியப்பட்ட ஆலை அது. அவ்வாலை நின்ற காணியிலே இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடங்கள் எழுந்து நிற்கின்றன.

குசினி மறைந்த வரலாறும் காணியின் வரலாறே. 1983இற்குப் பின்னரும் 1990களிலும் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும், வெளிநாட்டு உறவினரின் உதவி பெற்றோரும் வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதிகளை நாடினர். காணி விலை உயர்ந்தது. வளவுடைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வளவு போனதோடு தென்னை போயிற்று. தென்னை போனதோடு மட்டையும் பாளையும் போயின. அத்தொடர்மாடிகளுக்கு வந்தவருட் பலர் விறகின் அருமையை நன்கு அறிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிட்டாப் பொருளாயிற்று. தென்மராட்சிப் பக்கமிருந்து ஆளுயரத்துக்கு மேல் விறகடுக்கிய துவிச்சக்கர வண்டிகளை உந்திக்கொண்டு நடந்தவர்கள் அக்காலத்தில் நகரின் அடுப்புகளை எரிய வைத்தார்கள். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை காக்க விரும்பிய பனைகள் பல்லாயிரம் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டதும் அப்போர்க் காலத்திலேதான். அந்நினைவோடு வந்தவரும் எரிவாயுவுக்கு மாறியபின் அதனை மறந்தனர். மறந்ததைக் குறை கூறுவதற்கில்லை. புகையில் ஊதிக் கண் சிவந்தவருக்குப் புகையற்ற அடுப்பு விடுதலையாகவே இருந்தது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின் பின், 1975இல் எரிக் எக்கோம் என்னும் ஆய்வாளர் விறகுத் தட்டுப்பாட்டை மற்றைய எரிசக்தி நெருக்கடி என்று பெயரிட்டு எழுதினார். செல்வ நாடுகள் பெற்றோலுக்கு வரிசையில் நிற்கையில் ஏழை நாடுகளின் பெண்கள் சுள்ளிக்கு மைல்கணக்கில் நடப்பதை அவர் சுட்டினார். இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் நூற்றுக்கு 78 அளவிலான வீடுகள் விறகிலேயே சமைத்தன. கொழும்பு மாவட்டமே பெரும் விலக்கு. நாட்டின் தலைநகரம் எரிவாயுவை இயல்பு நிலையென்றும், விறகைக் கடந்தகாலமென்றும் கொண்டது. நாடோ விறகிலேயே வாழ்ந்தது.

2021 ஐப்பசியில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவாயிற்று. 2022 சித்திரையில் 4,860 ரூபாவைத் தொட்டது. அவ்விலைக்கும் அது கிடைத்தபாடில்லை. அப்போது பாமன்கடை போன்ற இடங்களிலே ஒரு தலைகீழ் நிலை தோன்றியது. சிறு முற்றமும் மண்ணடுப்பும் உடையவர் சமைத்தனர். பளிங்குத் தளமும் மின்தூக்கியும் உடையவர் மண்ணெண்ணெய் அடுப்புத் தேடியும், மின்வெட்டு நேரத்தைக் கணக்கிட்டும் காலங்கழித்தனர். விறகு விலை ஏறியது. வீதியோர மரம் மாநகரசபையுடையது, மதிலுக்குள் நிற்பது மற்றவனுடையது, கால்வாய்க்கரை அரசுக்குரியது. விழுந்த கொம்பு யாருக்கு என்னும் பழைய வினா, கிராமத்திலும் தோட்டத்திலும் கேட்கப்பட்டு மறுமொழி கிடையாத அதே வினா, முதன்முறையாகத் தொடர்மாடியில் வாழ்வோருக்கும் உரியதாயிற்று.

2022 ஆடியில் எரிவாயுக் கப்பல்கள் மீண்டும் வரத்தொடங்கின. ஆவணியில் விலையும் ஓரளவு குறைந்தது. மொட்டைமாடிகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் கல் வைத்து மூட்டிய அடுப்புகள் கலைக்கப்பட்டன. மலையகத்திலோ அவ்வாண்டும் கவ்வாத்து மலைகளிலிருந்து மிலாற்றுக் கட்டுகள் முன்போலவே இறங்கிக்கொண்டிருந்தன.