எரிமலை இல்லாத ஊரில் கரிசல்

எரிமலைக் குழம்பு உறைந்து, பாறையாகி, அது சிதைந்து உண்டானதுதான் கரிசல் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு உளுந்தூர்பேட்டை ஒரு சங்கடம். மகாராஷ்டிரத்துக்கும் வட கர்நாடகத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும். தக்காணத்து எரிமலைப் பாறை அங்கே காலடியிலேயே கிடக்கிறது. இங்கிருந்து அந்தப் பாறையைத் தொட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடமேற்கே போக வேண்டும். ஆனாலும் இந்தப் பக்கத்தில் செம்மண் மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் கரிசல் இருக்கிறது. சில இடங்களில் ஒரே காட்டின் மேல்தலை சிவப்பு, கீழ்த்தலை கறுப்பு.

மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மண் என்று சொல்லிவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை. அங்கிருந்து கோமுகியும் மணிமுத்தாறும் இறங்கி வெள்ளாற்றில் சேர்கின்றன. ஆற்றோர வண்டலுக்கு இந்த விளக்கம் போதும். கரிசலுக்குப் போதாது. மலைச்சரிவில் இருப்பது பெரும்பாலும் சிவந்த மண். சிவப்பு கீழே வந்து கறுப்பானது எப்படி?

மண் அப்படியே வரவில்லை. அதிலிருந்து கரைந்தவைதான் வந்தன.

கல்வராயன் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகை இந்தக் கல்லில் செய்யப்பட்டிருந்ததால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். (நம் மலைக்கல்லுக்கு வந்த பெயர், அதுவும் ஒரு சமாதியின் வழியாக!) இரும்பு, மக்னீசியம், சுண்ணாம்புச் சத்து, சிலிக்கா எல்லாம் இந்தக் கல்லுக்குள் இருக்கின்றன. மழைநீர் காற்றிலிருந்தும் வேர்களிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக் கொஞ்சம் புளிப்பேறி, விரிசல் வழியே இறங்கி, கல்லை மெல்ல அரிக்கிறது. மேட்டில் தண்ணீர் நிற்பதில்லை. கரைந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் சிலிக்காவின் ஒரு பகுதியும் அதனோடு போய்விடுகின்றன. கரைய மறுக்கும் இரும்பும் அலுமினியமும் பின்தங்குகின்றன. இரும்பு துருவேறிச் செம்மண்ணாகிறது. இந்த வேலை முற்றிப்போன இடம் பக்கத்திலேயே இருக்கிறது: ஏற்காட்டு உச்சியில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது.

அப்படி ஓடிவந்த தண்ணீர் சமவெளிப் பள்ளத்தில் வந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தேங்குகிறது; பங்குனி, சித்திரை வெயிலில் வற்றுகிறது. வற்றும்போது கரைந்திருந்தவை கெட்டிப்பட்டுத் தங்குகின்றன. சிலிக்காவும் மக்னீசியமும் சுண்ணாம்பும் ஒருசேரத் திரண்ட அந்தப் பள்ளத்தில்தான் ஸ்மெக்டைட் என்னும் களிக்கனிமம் உருவாகிறது. சுண்ணாம்பின் மிச்சம் வெள்ளை முடிச்சுகளாக அடியில் உறைகிறது. கரிசலில் கிணறு தோண்டும்போது கிடைக்கும் சுக்கான் கல் அதுதான். மழை ஓயாமல் பெய்து, நிலம் நன்றாக வடிந்திருந்தால் இங்கே கரிசல் பிறந்திருக்காது. ஆக, அதைப் பெற்றது பாறை மட்டுமல்ல; வடிகால் இல்லாத பள்ளமும் நீண்ட கோடையும் சேர்ந்துதான்.

இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. 1860களில் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்த காலத்திலேயே கரிசலின் பிறப்பு ஒரு வழக்காக இருந்தது. எரிமலைப் பாறையின் சிதைவு என்றது ஒரு கட்சி. பழைய ஏரிகளிலும் காயல்களிலும் படிந்த சேறு என்றது இன்னொரு கட்சி. மேட்டையும் பள்ளத்தையும் ஒரே தொடராகப் பார்க்கும் பழக்கம் 1930களில், கிழக்கு ஆப்பிரிக்காவில், ஜெஃப்ரி மில்ன் என்ற மண்ணியலாளர் மூலம் வந்தது. அங்கும் மேட்டில் சிவப்பு, பள்ளத்தில் கறுப்புக் களி. உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர் அந்த மேடுபள்ளத்தைப் பார்த்தால் தன் காடு என்றே நினைப்பார்.

சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது? மக்கு நிறைய இருப்பதால் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நம் கரிசலில் கரிமம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இருக்கிற கொஞ்ச மக்கும் களித்துகளோடு இறுகப் பிணைந்து மெல்லிய பூச்சாகப் படிந்து, மொத்த மண்ணையும் இருட்டாக்கிவிடுகிறது. நீலகிரி உச்சியின் பள்ளத்தாக்குகளிலும் கரிய மண் உண்டு. அதன் கதையே வேறு. அங்கே குளிரும் ஈரமும் செடிகளை முழுதாக மக்கவிடாமல் அடுக்கடுக்காகச் சேர்த்துவைத்திருக்கின்றன. அந்த அடுக்குகளை வைத்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் இருபதாயிரம் ஆண்டுப் பருவநிலையைப் படித்து 1993இல் வெளியிட்டார்கள்.

கரிசலில் அப்படி அடுக்கு பார்த்துக் காலம் கணிப்பது கடினம். அது தன்னையே கிளறிக்கொள்கிற மண். ஸ்மெக்டைட் தண்ணீரைத் தன் தகடுகளுக்கிடையே இழுத்து, ஊறப்போட்ட உளுந்து போல உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவு பாளம் வெடிக்கிறது, சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் ஆழமாக. மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழுகிறது. அடுத்த மழையில் அடிமண் உப்பும்போது இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கி மேலே தள்ளுகிறது. நெருக்கலில் உரசிய முகங்கள் வழவழவென்று மின்னும். குழி வெட்டியவர்கள் பார்த்திருப்பார்கள்.

உழவருக்கு இது பாதி வரம். நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தை விதைத்துவிட்டால், மண் பிடித்துவைத்த ஈரத்திலும் பனியிலுமே அது காய்த்துவிடும். வீடு கட்டுகிறவருக்கு முழுத் தொல்லை. சாதாரண அஸ்திவாரம் போட்டால் இரண்டாம் கோடையில் சுவர் கீறும். இதற்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. மண் அசையாத ஆழத்தில், ஏறக்குறைய மூன்று மீட்டருக்கும் கீழே, அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

இறங்கிவந்ததைத் திரும்ப மேலே ஏற்றுகிறவர்களும் உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் டிராக்டரில் வண்டல் அள்ளி மேட்டுச் செம்மண் காட்டில் அடிக்கிறார்கள். செம்மண்ணில் தண்ணீர் தங்காது. வண்டலின் களி சேர்ந்தால் அடுத்த தண்ணீருக்குச் சில நாள் கூடுதலாகப் பயிர் தாங்கும். மழை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வண்டல் மறுபடி ஏரிக்கே போகும்.