பிள்ளைப்பேறும் கண்ணாடி விரியனும்: பிட்யூட்டரி செயலிழப்பு காலந்தாழ்ந்து கண்டறியப்படுவது ஏன்?

பிட்யூட்டரி நோய்கள் என்றாலே பாடநூல்கள் கட்டிகளிலிருந்துதான் தொடங்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கைகால்களும் தாடையும் பெருக்கும் அக்ரோமெகலி, கார்ட்டிசால் மிகுந்து முகம் உருண்டுபோகும் குஷிங் நோய், பிள்ளை பெறாதவருக்கும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கட்டி எல்லாம் படம் போட்டு விளக்க ஏற்றவை. ஹார்மோன் மிகுந்தால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தால் அப்படியல்ல, சோர்வு, வயது, இரத்தச்சோகை, மனக்கவலை என்று ஏதாவது ஒரு பெயருக்குள் அது ஒளிந்துகொள்ளும். தெற்காசியாவில் பிட்யூட்டரியை அழிக்கும் இரண்டு காரணங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று பேறுகால உதிரப்போக்கு, மற்றது கண்ணாடி விரியன் கடி. இவற்றைக் கண்டறிவதில் நேரும் தாமதத்துக்குக் கருவிகளின் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்ட முடியாது என்பது என் வாதம். நோயாளியின் நினைவில் இருக்கும் ஒரு பழைய நிகழ்ச்சியை யாரும் கேட்பதில்லை; பெரிய தடை அங்கேதான் இருக்கிறது.

நோயின் வரலாற்றிலேயே ஒரு திசைதிருப்பல் உண்டு. பேறுகாலத்துக்குப் பின் பிட்யூட்டரி அழுகிப்போவதைப் போலந்தின் கிளின்ஸ்கி 1913இல் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு ஹாம்பர்க் நோயியல் அறிஞர் சிம்மண்ட்ஸ், பேறுகாலக் காய்ச்சலுக்குப் பின் பல ஆண்டுகள் நலிந்து இறந்த ஒரு பெண்ணின் சுருங்கிய சுரப்பியை விவரித்தார். அவர் பெயரால் வழங்கிய நோய்க்கு எலும்பும் தோலுமாக இளைத்துப்போவதே அடையாளம் என்று மருத்துவ உலகம் நம்பிவிட்டது. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்துவந்த ஹரால்ட் ஷீஹன் 1937இல், பேறுகால உதிரப்பெருக்கும் அதிர்ச்சி நிலையும் முன்பிட்யூட்டரியின் குருதியோட்டத்தை நிறுத்துவதே மூலகாரணம் என்று காட்டினார். 1949இல் சம்மர்ஸுடன் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வில், கடும் மெலிவு இந்நோயின் இயல்பான அடையாளமே அல்ல என்றும் நிறுவினார். இளைத்தவர்களைத் தேடிய மருத்துவர்கள், சற்றே பூசினாற்போல வெளிறிய முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தவர்களைத் தவறவிட்டிருந்தார்கள். இன்றும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது.

சுரப்பியின் எடை அரை கிராம் அளவுதான். கருவுற்ற காலத்தில் புரோலாக்டின் செல்கள் பெருகுவதால் அது பருக்கிறது; குருதித் தேவையும் கூடுகிறது. முன்பகுதிக்கு வரும் குருதியோ பெரும்பாலும் ஹைப்போதலாமஸ் வழியாக இறங்கும் தாழ்ந்த அழுத்தச் சிரைகளின் குருதி. அழுத்தம் சரிந்தால் முதலில் வறள்வது இந்தப் பகுதிதான். பின்பகுதிக்குத் தமனிக் குருதி நேரடியாக வருவதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே, ஓயாமல் சிறுநீர் கழியும் வெல்லமிலா நீரிழிவு என்ற உடனே கவனத்தை ஈர்க்கும் நிலை இந்நோயாளிகளிடம் அரிதாகவே காணப்படுகிறது.

இழப்பு ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. புரோலாக்டின் இல்லாததால் பால் சுரப்பதில்லை. வீட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "பால் வரல, புட்டிப்பால்தான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. மாதவிடாய் திரும்புவதில்லை, "சீக்கிரமே நின்னுடுச்சு" என்கிறார்கள். அக்குள் முடியும் அந்தரங்க முடியும் உதிர்வதை யாரிடமும் சொல்வதில்லை. பின்னர் தைராக்சினும் கார்ட்டிசாலும் குறைகின்றன. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தாழ்ந்த இரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத சோகை, சிலருக்கு மனப்பிறழ்வு என ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையின் வாசலுக்கு நோயாளியை இழுத்துச் செல்கிறது. அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். குறைவதால் தோல் வெளிறுகிறது. அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போன அடிசன் நோயில் தோல் கறுக்கும், இங்கே நேர்மாறு. மாநிற உடம்பில் இந்த வெளிறலைச் சோகை என்று முடித்துவிடுவது எளிது. கடைசியில் ஒரு சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சோடியத்தைக் கீழே இறக்கி நினைவிழக்கச் செய்கிறது. உப்புநீர் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காரணம் அப்படியே இருக்கிறது.

ஆய்வுக்கூடமும் இந்த மறைவுக்கு ஓரளவு துணைபோகிறது. தைராய்டு சோதனை என்றால் நம் ஊரில் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது வழக்கம். அந்த ஹார்மோனை அனுப்பும் பிட்யூட்டரியே பழுதானபோது அதன் அளவு இயல்பாக இருக்கலாம். வீரியம் குறைந்த மூலக்கூறுகளால் சற்றே உயர்ந்தும் தெரியலாம். கட்டற்ற டி4 பார்க்காதவரை தைராய்டு நன்றாக இருக்கிறது என்ற தவறான சான்றிதழ்தான் கிடைக்கும். இதைவிட ஆபத்தானது பாதி சரியான நோயறிதல். டி4 குறைவு என்று கண்டு தைராக்சினை மட்டும் தொடங்கினால், உடலில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் கார்ட்டிசாலும் விரைவாகக் கழிந்து அட்ரினல் நெருக்கடி வரலாம். முதலில் ஸ்டீராய்டு, அப்புறம் தைராக்சின். இந்த வரிசையில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இன்னொரு எளிய சாட்சியும் உண்டு. மாதவிடாய் நின்ற ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். மிக உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் சந்தேகம் சினைப்பையிலிருந்து பிட்யூட்டரிக்கு நகர வேண்டும். இது எந்த மாவட்ட ஆய்வுக்கூடமும் செய்யக்கூடிய சோதனைதான்.

பாம்புக்கடிக்கு வருவோம். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியுறைவின் ஐந்தாம், பத்தாம் காரணிகளைத் தூண்டுகிறது. நுண்குழாய்களில் உறைகட்டிகள் உருவாகின்றன. உறைவுப் பொருள்கள் தீர்ந்ததும் குருதி கசிகிறது. அதிர்ச்சி நிலையும் சேர்கிறது. ஷீஹன் பேறுகால அறையில் கண்ட அழிவுக்கு வயல்வரப்பில் இன்னொரு வழி திறக்கிறது. 1987இல் டுன் பே, வாரல் உள்ளிட்டோர் பர்மாவிலிருந்து இதை லான்செட் இதழில் விரிவாக எழுதினர். 2011இல் இலங்கையின் முதல் பதிவு வந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2015இல் தங்கள் நோயாளிகளோடு உலகப் பதிவுகளையும் திரட்டி ஆராய்ந்தனர். கடிபட்ட உடனே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் சரியலாம். அல்லது ஆண்டுகள் கழித்து மீசை தாடி மெலிந்து, தாம்பத்திய நாட்டம் அற்று, வேலைக்குப் போக முடியாதவராக ஓர் இளைஞர் வரலாம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர் என்றால், சோர்வுக்குச் சிறுநீரகத்தின் மேல் பழிபோடுவது இயல்பு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்து உருவாகும் நச்சுமுறி மருந்து உயிரைக் காக்கும்; செத்துப்போன சுரப்பியை அது மீட்காது.

என் வாதத்துக்கு எழும் வலுவான மறுப்பு, மருத்துவமனைப் பிரசவம் பரவிய இடத்தில் ஷீஹன் நோய் எனப்படும் பேறுகாலப் பிட்யூட்டரி அழிவு மறைந்துவிடும் என்பது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. காஷ்மீரில் ஸர்கர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பெற்ற, 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியவர்கள் வீட்டில் பிரசவித்தவர்கள். ஆகவே புதிய நோயாளிகள் குறைவார்கள் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பிரசவத்தில் உதிரம் கொட்டிப் பிழைத்தவர் இன்றைய புறநோயாளி வரிசையில்தான் நிற்கிறார். நோய் அரிதாக அரிதாக அதை நேரில் பார்த்த இளம் மருத்துவர்களும் குறைவார்கள் என்பது இந்த மறுப்பு கணக்கில் கொள்ளாத விளைவு.

எல்லாருக்கும் எல்லா ஹார்மோனும் பார்க்கச் சொல்லவில்லை; செலவு கட்டுப்படியாகாது. சோடியம் காரணமின்றித் தாழ்ந்த ஒவ்வொரு பெண்ணிடமும் கடைசிப் பிள்ளைக்குப் பால் வந்ததா, அதன்பின் மாதவிடாய் வந்ததா என்று கேட்டுவிட வேண்டும். கண்ணாடி விரியன் கடித்து உறைவுக்கோளாறும் சிறுநீரகச் செயலிழப்பும் கண்டவர்களுக்கு, வீடு திரும்புமுன்னும் சில மாதங்கள் கழித்தும் காலை 8 மணிக் கார்ட்டிசாலும் கட்டற்ற டி4ம் பார்க்கலாம். கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. இடைப்பட்ட அளவுக்கு மட்டும் தூண்டுதல் சோதனை போதும். எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியின் எலும்புக்குழி வெறுமையாகத் தெரிவது நோயறிதலுக்கு வலுச்சேர்க்கும். ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சையில் மிஞ்சும் சிக்கல் ஸ்டீராய்டு பற்றிய பொது அச்சம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் மிகுந்த அளவில் கொடுக்கப்படும் மருந்தையும், உடல் தானே சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் 15 முதல் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். அக்கறையுள்ள உறவினர் யாராவது "அதை நிறுத்திடு" என்று சொல்லிவிடுவார். காய்ச்சல் கண்டால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும், எந்த நாளிலும் தானாக நிறுத்தக் கூடாது என்ற மூன்று வரிகளைத் தமிழில் அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுத்தனுப்புவது, மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவரின் வேலையில் சேர்ந்ததே.