தகுதியா, தண்டனையா? ஹாக்கர் தீர்ப்பும் 'பாதக நடவடிக்கை'யின் பொருளும்

உரிமம் ரத்து, இடைநீக்கம், கட்டுப்பாடு, கண்டனம் ஆகியவற்றை அமெரிக்கச் சட்டம் 'பாதக நடவடிக்கை' என்ற ஒரே தலைப்பில் அடக்குகிறது. இவை தண்டனை அல்ல, பொதுமக்களின் பாதுகாப்புக்கான தகுதி விதிகளே என்று சொல்லும்போது நீதிமன்றங்கள் கைகாட்டும் சான்றுகளில் முதன்மையானது, 1898 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த 'ஹாக்கர் எதிர் நியூயார்க்' தீர்ப்பு. அதை எழுதியவர் நீதிபதி டேவிட் புரூவர். எந்தச் சட்டத்துக்கு அவர் பொருள் கண்டாரோ, அதன் வாசகமே அவருடைய முடிவுக்கு இடம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹாக்கர் ஒரு மருத்துவர். கருக்கலைப்புக் குற்றத்துக்காக 1878-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்ற எவரும் அதன்பின் மருத்துவம் பார்ப்பது குற்றம் என்று நியூயார்க் மாநிலம் 1893-இல் சட்டம் செய்து, 1895-இல் அதைத் திருத்தியது. 1896-இல் மருத்துவம் பார்த்ததற்காக ஹாக்கருக்கு 250 டாலர் அபராதம். நடந்து முடிந்த குற்றத்துக்குப் பின்னால் வந்த சட்டம் கூடுதல் தண்டனை விதிக்க அரசியலமைப்பு இடம் தராது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: இந்தத் தடை தண்டனையா?

இல்லை என்றார் புரூவர். மருத்துவருக்கு அறிவோடு நல்லொழுக்கமும் வேண்டும் என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. பழைய தண்டனை நல்லொழுக்கம் இல்லை என்பதற்கான சான்று. அந்தச் சான்றே முடிவானது என்று சட்டமன்றம் விதிக்கலாம். ஜான் மார்ஷல் ஹார்லன் உள்ளிட்ட மூவர் உடன்படவில்லை. தண்டனையை முழுதாக அனுபவித்தவர் மீது மேலும் ஒன்று சுமத்தப்படுகிறது என்றும், அவர் திருந்தி நல்ல மனிதராகவே வாழ்ந்தாலும் பயனில்லை என்றும் ஹார்லன் எழுதினார்.

சட்ட வாசகத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவர், பட்டத்தை விலைக்கு வாங்குபவர், விற்பவர், மோசடியாகப் பெறுபவர், இவர்களோடு ஒரே பட்டியலில் பழைய தண்டனைக்காரரும் வருகிறார். அத்தனை பேரும் குற்றவாளிகள். இதை மட்டும் வைத்து வாதிட்டால் வாதம் மெலிந்தது. எந்த உரிமச் சட்டத்துக்கும் அதை மீறுவோரைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று தேவைதானே? ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வேறுபாடு இருக்கிறது. பதிவில்லாதவர் பதிவு செய்துகொள்ளலாம். போலிப் பட்டக்காரர் படித்து உண்மையான பட்டம் பெறலாம். பழைய தண்டனைக்காரருக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருடைய இன்றைய ஒழுக்கத்தை விசாரிக்க ஒரு குழுவும் இல்லை. யாரும் எட்ட முடியாத தகுதியைத் தகுதி என்று எப்படிச் சொல்வது?

புரூவரின் தரப்பில் வலுவான முன்னுதாரணம் 1889-இன் டென்ட் வழக்கு. 1876 முதல் தொழில் செய்துவந்த மருத்துவர் ஒருவரை, அவருடைய கல்லூரிப் பட்டம் ஏற்கத்தக்கதல்ல என்று மேற்கு வர்ஜீனியா தடுத்தது. நீதிமன்றம் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆனால் அவருக்குத் தேர்வு எழுதும் வழி இருந்தது. டென்ட் தீர்ப்பை எழுதிய ஸ்டீபன் ஃபீல்டுதான் 1867-இல் கமிங்ஸ், கார்லண்ட் வழக்குகளையும் எழுதியவர். உள்நாட்டுப் போரில் தென்தரப்புக்குத் துணைநின்றதில்லை என்று உறுதிமொழி தராத பாதிரியாரையும் வழக்கறிஞரையும் தொழிலிலிருந்து விலக்குவது தண்டனையே என்று அங்கே ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவானது. அந்த உறுதிமொழிக்கும் தொழில் தகுதிக்கும் தொடர்பில்லை, இங்கே தொடர்பு உண்டு என்று புரூவர் பிரித்துக் காட்டினார். பிரிப்பு பொருந்துகிறது, ஆனால் பாதிதான் பொருந்துகிறது. பெருங்குற்றம் என்ற சொல்லில் மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குற்றங்களும் அடங்கும்.

ஃபீல்டு புரூவருக்குத் தாய்மாமன். 1897 டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றார்; அந்த இடத்துக்கு வந்த ஜோசப் மெக்கென்னா ஹார்லனோடு சேர்ந்து மாறுபட்டார். மாமன் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? டென்ட் வழக்கை வைத்து ஒரு விடையும் கார்லண்டை வைத்து வேறொரு விடையும் சொல்லலாம்.

பிற்காலத் தீர்ப்புகளும் ஒரே திசையில் போகவில்லை. கடந்தகாலச் செயலுக்கும் இன்றைய தகுதிக்கும் அறிவார்ந்த தொடர்பு வேண்டும் என்று 1957-இன் ஷ்வேர் வழக்கு வற்புறுத்தியது. வழக்கறிஞரின் பெயரை நீக்கும் நடவடிக்கை ஏறத்தாழக் குற்றவியல் தன்மை கொண்டது என்றது 1968-இன் ரஃபலோ.

பெரிய மாற்றம் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்ந்தது. ஒரு மாநிலத்தில் சிக்கிய மருத்துவர் அதைச் சொல்லாமல் இன்னொரு மாநிலத்தில் தொழில் தொடங்குவதைத் தடுக்க, 1986-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1990 செப்டம்பரில் தேசிய மருத்துவர் தரவு வங்கி செயல்படத் தொடங்கியது. தொழில்திறன் அல்லது தொழில் நடத்தை காரணமாக மருத்துவரின் சிகிச்சை செய்யும் அனுமதியை 30 நாளுக்கு மேல் பாதிக்கும் முடிவை மருத்துவமனை அறிவித்தாக வேண்டும். சரியாக 30 நாள் என்றால் வேண்டாம். விசாரணை நடக்கும்போது மருத்துவர் தாமாகவே அனுமதியை ஒப்படைத்தாலும் அது பதிவாகும், எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாவிட்டாலும். புதிதாகச் சேரும்போதும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவமனைகள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கின்றன. பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது.

'பாதக நடவடிக்கை'க்கான இந்த வரையறை தண்டிக்கும் நோக்கம் உண்டா என்று கேட்கவில்லை, விளைவை அளக்கிறது. விலக்கியது தண்டிக்கவா, தகுதியைக் காக்கவா என்ற புரூவரின் கேள்வி இங்கே எழவே இல்லை. எனவே 1986-ஐத் திருப்புமுனை என்று குறிக்கத் தோன்றும். அது அவசரம். 2003-இல் அலாஸ்கா மாநிலத்தின் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தண்டனை அல்ல என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஹாக்கரை மீண்டும் துணைக்கு அழைத்தது. விளைவை அளக்கும் வரையறை தரவு வங்கியிலும், நோக்கத்தைத் தேடும் வாசிப்பு நீதிமன்றத்திலும் ஒன்றையொன்று சந்திக்காமலே நடப்பில் இருக்கின்றன.