ரியூகாக்குசெய்

வெளிநாட்டில் படிக்கும் மாணவருக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் பெயர் இது. 'ரியூ' என்றால் தங்குதல், 'காக்கு' கல்வி, 'செய்' மாணவர். ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்பதன் இறுதியிலும் இதே 'செய்' எழுத்துதான். பிறப்பு, வாழ்வு என்பது அதன் அடிப்படைப் பொருள். கடலும் பயணமும் அயல்நாடும் சொல்லில் எங்கும் இல்லை. தங்குவதுதான் முக்கியம்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 630 முதல் ஜப்பான், சீனத்தின் தாங் அரசவைக்குத் தூதுக்குழுக்களை அனுப்பிவந்தது. தூதரோடு போய் அவரோடே திரும்பிவிடும் மாணவருக்கு வேறு பெயர்: கென்காக்குஷோ. கப்பல் திரும்பிய பிறகும் அங்கேயே இருந்து ஆண்டுக்கணக்கில் பயின்றவரே ரியூகாக்குசெய். 717இல் சென்ற கிபி நோ மகிபி ஊர் திரும்பியது 735இல். அதே குழுவில் போன அபே நோ நகமரோ சீன அரசில் பதவி வகித்தார். 753இல் ஊருக்குப் புறப்பட்டவரைப் புயல் திசைதிருப்பியது. 770இல் தாங் தலைநகரான சாங்ஆனிலேயே காலமானார்.

என் ஜப்பானிய வகுப்பில், கரும்பலகையில் 'ரியூ' எழுதும்போது கடைசியாக வருவது கீழ்ப்பாதியில் உள்ள வயல் என்னும் எழுத்து. மொத்தம் 10 கோடுகள். மாணவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து நகமரோவின் கதையைச் சொல்வேன். வகுப்பில் இலக்கணம் தரலாம். பேச்சு, தங்கிய ஊரில்தான் வரும். அயல்நாட்டில் படிக்கும் பிள்ளைகளே, வகுப்பு முடிந்ததும் அறைக்குள் அடைந்துவிடாதீர்கள். காய்கறிக் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் பேசுங்கள்.