ஹெரால்டா? அம்பாசடரா? - ஒரு பழைய கேள்வியின் வரலாறு

புதிதாகக் கார் வாங்கப் போகும் வீட்டில் எப்போதும் இரண்டு கட்சிகள் இருக்கும். "ஓட்ட ஜாலியா இருக்கணும், பிக்அப் வேணும், வளைவுல சும்மா கத்தி மாதிரி திரும்பணும்" என்பது ஒரு கட்சி. "நடுவழியில நிக்காம வீடு வந்து சேந்தா போதும்" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியில் பெரும்பாலும் பிள்ளைகள். இரண்டாவது கட்சியில் அப்பா. பணம் கொடுப்பவரும் அவர்தான் என்பதால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை!

இந்தச் சண்டை ஏதோ இன்று வந்தது என்று நினைத்தால் தவறு. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இது இருந்தது. அன்று கடையில் இருந்தவை மூன்றே மூன்று கார்கள். அதனால் அந்தக் காலத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் தெளிவாகப் புரியும்.

சமவெளியும் மலையும்

இந்தக் கேள்விக்குச் சேலம், நாமக்கல் பகுதி ஒரு நல்ல பரிசோதனைக்கூடம். சேலத்தில் இருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காசியில் இருந்து கன்னியாகுமரி வரை போன பழைய பெரிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்று பெயர், இப்போது 44. ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காடுகள், தூரத்தில் நாமக்கல் கோட்டைப் பாறை என்று சாலை பெரும்பாலும் சமவெளியில்தான் ஓடுகிறது.

ஆனால் சற்றே திரும்பினால் மலை. சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே அக்னி நட்சத்திர வெயில், எதிரே வரிசையாக லாரிகள். மேலே போனால் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்ப வேண்டிய பாதை. கீழே வண்டிக்குத் தேவை உழைப்பு. மேலே தேவை சுறுசுறுப்பு. இரண்டும் ஒரே காரில் கிடைக்குமா?

மூன்றே மூன்று கார்கள்

சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டு நிறுவனம் சென்னையிலும், ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து கார்களைப் பூட்டி விற்றன. 1953-இல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இனி அனுமதி. வெறும் பூட்டும் வேலை செய்தவர்கள் கடையைக் கட்டினார்கள்.

அதன் பின் கார் சந்தையில் நிலைத்தவை மூன்று நிறுவனங்கள். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். முதல் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் அம்பாசடரைக் கொண்டு வந்தது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் இந்திய வடிவம். இரண்டாவது நிறுவனம் இத்தாலியின் ஃபியட் 1100-ஐச் செய்தது. பின்னாளில் 'பிரிமியர் பத்மினி' ஆனது இதுதான். மூன்றாவது நிறுவனம் 1961-இல் கொண்டு வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அந்தக் காலத்தில் கார் என்பது பெரிய மருத்துவர், மில் முதலாளி, லாரி அதிபர், நிலபுலன் உள்ளவர் ஆகியோர் மட்டுமே வாங்கக்கூடிய பொருள். பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டி சரியில்லை என்றால்? மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே அன்றைய தேர்வு இன்றையதைவிடப் பல மடங்கு கனமானது.

ஹெரால்டு தந்த மகிழ்ச்சி

மூன்றில் ஓட்டுவதற்கு மிகவும் வேடிக்கையான வண்டி எது என்று கேட்டால் ஹெரால்டு என்று சொல்லிவிடலாம். 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் அது. உருவம் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி.

அதன் சிறப்பு என்ன? அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஹெரால்டில் கியர் தரையில், கைக்கு அருகே. நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு. எல்லாவற்றையும் விட ஆச்சரியம், அது திரும்பும் வட்டம். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். அம்பாசடருக்கு அதே வேலைக்குச் சுமார் 35 அடி வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இந்தப் பத்து அடி என்பது சாதாரணமா? ஒருவர் ஒரே மூச்சில் திரும்பிவிடுவார், மற்றவர் ரிவர்ஸ் போட்டுக்கொண்டு இருப்பார்!

அது மட்டுமல்ல. பானெட் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைத் தொடலாம்.

ஆனால் குறைகளும் உண்டு. எஞ்சின் 948 சிசி மட்டுமே. சுமார் 35 குதிரைத்திறன். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிவிட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். பின்சக்கர அமைப்புக்கு 'ஸ்விங் ஆக்சில்' என்று பெயர். பாரம் அதிகமானால் பின்சக்கரங்கள் அகட்டி நிற்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஓட்டத் தெரிந்தவர் கையில் அது குதிரை. தெரியாதவர் கையில் ஆபத்து.

அம்பாசடர் தந்த நிம்மதி

அம்பாசடர் இதற்கு நேர் எதிர். ஒரு டன்னுக்கு மேல் எடை. 1489 சிசி எஞ்சினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன்தான். ஸ்டியரிங் கனம், பிரேக் கனம், வளைவில் படகு போலச் சாயும். ஓட்டுவதில் மகிழ்ச்சி என்று யாரும் அதைச் சொன்னதில்லை. பிறகு ஏன் அதைத் தேடினார்கள்?

இங்கேதான் இந்த மண்ணின் கதை வருகிறது. நாமக்கல் என்றால் லாரி. பல பத்தாண்டுகளாக லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டும் ஊர் அது. சங்ககிரியும் லாரி ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. இப்படிப்பட்ட பகுதியில் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கும். அந்தப் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை எது? கமான் பட்டை மாற்றுவது, ஒரே துண்டான கனமான ஆக்சிலைக் கழற்றிப் பூட்டுவது, வெல்டிங் வைப்பது. அம்பாசடரின் பின்பக்கமும் அதே கமான் பட்டை, அதே முழு ஆக்சில். அளவில் மட்டும் சிறியது. லாரி பார்க்கத் தெரிந்தவருக்கு அம்பாசடர் பார்க்கப் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை.

மேலும் அரசு அதிகாரிகளுக்கும் அம்பாசடர், டாக்சிக்காரர்களுக்கும் அம்பாசடர். ஆகவே உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் அம்பாசடர் பழுதாகாத கார் அல்ல. பழுதானால் ஆத்தூரிலும் சரி, பரமத்தியிலும் சரி, அன்றைக்கே சரி செய்யக்கூடிய கார். நம்பகம் என்று மக்கள் சொன்னது இதைத்தான்.

ஃபியட் இரண்டுக்கும் நடுவில் நின்றது. 1089 சிசி, அம்பாசடரைவிடச் சிறியது, லேசானது. ஓட்டவும் பரவாயில்லை, உழைக்கவும் பரவாயில்லை. சொந்தமாக ஓட்ட விரும்பியவர்கள் பலர் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்த கெஸல்

ஸ்டாண்டர்டு நிறுவனம் வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்கவே செய்தது. 1968-இல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில்கூட அப்படி ஒரு ஹெரால்டு வந்ததில்லை! குடும்பத்தோடு ஏறி இறங்க வேண்டும் என்ற நம் ஊர்த் தேவைக்காகச் செய்தது அது. 1970-களின் தொடக்கத்தில் 'கெஸல்' என்ற புது உருவம் வந்தது. அதில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு முழு ஆக்சில் வைத்தார்கள். அதாவது, ஓட்டும் சுகத்தில் கொஞ்சத்தைக் கொடுத்து உழைப்பை வாங்கினார்கள். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு ஒரு தொழிற்சாலையே எழுதிய பதில் அது.

ஆனால் காலம் கடந்துவிட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது, கார் விற்பனை படுத்தது. 1977-இல் கெஸல் நின்றது. அதன் பிறகு அந்த நிறுவனம் சில காலம் சிறிய வேன்களை மட்டும் செய்தது. 1985-இல் ரோவர் உடலும் பழைய எஞ்சினுமாக 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டு வந்தது. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. சில ஆண்டுகளில் அதுவும் முடிந்தது.

ஹெரால்டு வைத்திருந்தவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். வண்டி அதே வண்டிதான். நேற்று வரை சுகமாக ஓடியது. ஆனால் செய்தவர் நிறுத்திவிட்டால் உதிரி பாகம் தேட வேண்டும், விற்றால் விலை போகாது. காரில் ஒரு போல்ட்டுகூட மாறாமலே அதன் நம்பகம் குறைந்துவிட்டது!

மாருதி செய்த மாற்றம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். "தீப்பெட்டி மாதிரி இருக்கே, நம்ம ரோட்டுக்குத் தாங்குமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. எடை சுமார் 650 கிலோ, திறன் 37 குதிரைக்கு மேல். அதாவது ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 57 குதிரை. அம்பாசடரிலும் ஹெரால்டிலும் இதே கணக்கு 43, 44 என்றுதான் வரும். சின்ன வண்டிதான் மலையில் துள்ளியது.

அதைவிட முக்கியமானது, ஊர் ஊராக சர்வீஸ் நிலையம், பயிற்சி பெற்ற மெக்கானிக், தட்டுப்பாடில்லாத உதிரி பாகம் என்று அந்த நிறுவனம் கட்டிய வலை. பழுதானால் சரி செய்யலாம் என்ற பழைய நம்பகம் போய், சுலபத்தில் பழுதே ஆகாது என்ற புதிய நம்பகம் வந்தது. உல்லாசமும் உழைப்பும் எதிரிகள் அல்ல என்று இந்தப் பகுதி மக்கள் கண்டது அப்போதுதான். 2005-இல் வந்த ஸ்விஃப்ட் அதே பாதையில் இன்னொரு படி.

மறுபடியும் அதே சாலையில்

வரலாறு திரும்பும் என்பார்கள். ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்தது சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர் பக்கம். அதே சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தது. 1999-இல் அங்கிருந்து வந்த ஐகான் கார், 'ஜோஷ் மெஷின்' என்றே விளம்பரம் செய்யப்பட்டது. ஓட்டுவதில் ருசி உள்ளவர்கள் அதைக் கொண்டாடினார்கள். பிறகு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வந்தன.

2021 செப்டம்பரில், இந்தியச் சந்தைக்காகக் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்றும் சொன்னது. இருந்தாலும் கையில் புது வண்டி வைத்திருந்தவருக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்குமா? ஹெரால்டுக்காரர் கேட்ட அதே கேள்வியை நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து ஃபோர்டுக்காரர் கேட்டார்.

அப்படியானால் என்ன செய்வது?

ஓட்டும் சுகம் காருக்குள் இருக்கிறது. அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நம்பகம் முழுவதும் காருக்குள் இல்லை. பாதி, காருக்கு வெளியே இருக்கிறது. பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம், உதிரி பாகக் கடையில், தயாரித்தவர் இன்னும் பத்து ஆண்டு இங்கே இருப்பாரா என்பதில் இருக்கிறது. இதைத்தான் ஹெரால்டும் அம்பாசடரும் கற்றுத் தருகின்றன.

ஆகவே கார் வாங்குபவர் ஷோரூமுக்குப் போகும் முன் இரண்டு இடங்களுக்குப் போகலாம். ஒன்று, ஏற்காட்டுப் பாதை அல்லது கொல்லிமலைப் பாதை, டெஸ்ட் டிரைவுக்கு அங்கே கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்த்து. மற்றொன்று, வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை. "இந்த வண்டி வந்தா பாப்பீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

முதல் இடத்தில் பிள்ளைகளுக்குப் பதில் கிடைக்கும். இரண்டாவது இடத்தில் அப்பாவுக்குப் பதில் கிடைக்கும். இரண்டு இடத்திலும் "சரி" என்று வரும் கார்தான் அந்த வீட்டுக்கு ஏற்ற கார்.